கைக்கெட்டும் தூரம்



துப்பாக்கியைப் பற்றிப் பேசக் காவல்துறை அதிகாரியையோ வழக்கறிஞரையோ அழைப்பதுதான் வழக்கம். சமூக மருத்துவம் கற்பிக்கும் என்னை அழைத்திருக்கிறீர்கள். ஆகவே சட்டப் புத்தகத்தை விட்டுவிட்டு இறப்புப் பதிவேட்டிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பொருள் மக்களுக்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா என்று கேட்டால், அது இருக்கும் வீட்டில் யார் இறக்கிறார்கள், எப்படி இறக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பார்ப்பதே எங்கள் துறையின் வழி.

தனியார் கையில் மிக அதிகமான துப்பாக்கிகள் இருக்கும் நாடு அமெரிக்கா. ஜெனீவாவில் இயங்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே நிறுவனம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அங்கே மக்களிடம் 39 கோடிக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இருந்தன. அந்நாட்டின் மக்கள்தொகையைவிட இது அதிகம். உலக மக்களில் நூற்றுக்கு நான்கு பேர் வாழும் நாட்டில், உலகத்துத் தனியார் துப்பாக்கிகளில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது. ஆகவே நம் கேள்விக்கு விடை தேட அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

2023ஆம் ஆண்டில் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 46,700 பேர். இவர்களில் கொலையுண்டவர்கள் ஏறத்தாழ 17,900 பேர். தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தவர்கள் 27,300 பேர். செய்தித்தாளில் நாம் படிப்பது கொலம்பைன், சாண்டி ஹூக், யுவால்டி போன்ற இடங்களின் பள்ளிகளில் நடந்த படுகொலைகளை. அவை நெஞ்சை உலுக்குபவை, உலுக்கவும் வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் சாகிறவர்களில் பெரும்பகுதி செய்தியில் வருவதே இல்லை. அவர்கள் தம் வீட்டிலேயே, தம் துப்பாக்கியாலேயே, பெரும்பாலும் தனியாக இருக்கும்போது இறக்கிறார்கள். தனியார் துப்பாக்கி பற்றிய விவாதத்தில் இவர்களை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கள்வனையும் காவலனையும் மட்டும் பேசுவது, காய்ச்சலில் இறந்தவர்களை விட்டுவிட்டுப் பாம்பு கடித்து இறந்தவர்களை மட்டும் எண்ணுவது போன்றது.

மக்கள் ஏன் துப்பாக்கி வாங்குகிறார்கள்? பியூ ஆய்வு மையம் 2023இல் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 72 சதவீதத்தினர் பாதுகாப்பே முக்கியக் காரணம் என்றார்கள். இந்த அச்சத்தை நான் இகழ மாட்டேன். அழைத்தால் காவலர்கள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் மலைப்புறத்துப் பண்ணை வீட்டில் வாழும் ஒருவர், கதவை உடைத்துக்கொண்டு யாரேனும் நுழைந்தால் என்ன செய்வது என்று நினைப்பது இயல்பு. வீட்டுக்குள் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனிதரின் அரசியல் சட்ட உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்தது. உரிமை உண்டா என்பது வேறு, அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவரின் வீடு அதனால் பத்திரமாகிறதா என்பது வேறு. இரண்டாவதைத்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

துப்பாக்கி எத்தனை முறை காப்பாற்றுகிறது? கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் என்ற இருவர் 1995இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுக்கு 25 லட்சம் முறை அமெரிக்கர்கள் துப்பாக்கியால் தம்மைக் காத்துக்கொள்கிறார்கள் என்றது. இந்த எண் இன்றுவரை மேடைதோறும் ஒலிக்கிறது. அது எப்படிக் கிடைத்தது? ஏறத்தாழ 5,000 பேரைத் தொலைபேசியில் கேட்டார்கள். நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் ‘ஆம்’ என்றார்கள். அந்த விகிதத்தை நாட்டின் பெரியவர்கள் அனைவருக்கும் பெருக்கினார்கள். இத்தனை அரிதான நிகழ்ச்சியைக் கேட்கும்போது, நூறு பேரில் ஒரே ஒருவர் மிகைப்படுத்தினாலோ ஆண்டைத் தவறாக நினைவுகூர்ந்தாலோ எண் லட்சக்கணக்கில் வீங்கிவிடும். குற்றத்துக்கு ஆளானவர்களிடம் அமெரிக்க அரசு ஆண்டுதோறும் நடத்தும் பெரிய கணக்கெடுப்பு தரும் எண், ஒரு லட்சத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் நிற்கிறது. 2007 முதல் 2011 வரையிலான அந்தக் கணக்கெடுப்பை டேவிட் ஹெமன்வேயும் சாரா சோல்னிக்கும் ஆராய்ந்தபோது, குற்றவாளியை நேருக்கு நேர் சந்தித்த நிகழ்ச்சிகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான் தற்காப்புக்குத் துப்பாக்கி பயன்பட்டிருந்தது.

துப்பாக்கி பெருகினால் குற்றம் குறையும் என்று ஜான் லாட் 1998இல் ஒரு புத்தகமே எழுதினார். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் ஒரு குழு அமைத்து, அந்த முடிவை ஏற்கப் போதிய சான்று இல்லை என்றது. ஸ்டான்ஃபோர்டின் ஜான் டொனஹ்யூவும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்லத் தாராளமாக அனுமதி கொடுத்த மாநிலங்களில் பத்தாண்டுகளுக்குப் பின் வன்குற்றம் 13 முதல் 15 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று கணித்தது. ஆயினும் மாநிலங்களை மாநிலங்களோடு ஒப்பிடும் ஆய்வுகளில் வாதத்துக்கு எப்போதும் இடமிருக்கும். ஆகவே வீட்டுக்குள் போவோம்.

கலிஃபோர்னியாவில் கைத்துப்பாக்கி வாங்குவோர் விவரம் அரசிடம் பதிவாகிறது. டேவிட் ஸ்டடர்ட் தலைமையிலான குழு அந்தப் பதிவையும் இறப்புப் பதிவையும் வாக்காளர் பட்டியலையும் இணைத்து, 2 கோடி 60 லட்சம் பேரை 2004 முதல் 2016 வரை பின்தொடர்ந்தது. இத்தனை பெரிய ஆய்வு இத்துறையில் அதற்கு முன் நடந்ததில்லை. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள், வைத்திராத ஆண்களைவிட எட்டு மடங்கு அதிகமாகத் தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்திருந்தார்கள். பெண்களில் அது 35 மடங்கு.

உடனே ஒரு கேள்வி எழும்: சாக வேண்டும் என்று முடிவு செய்தவர்கள்தானே துப்பாக்கி வாங்கியிருப்பார்கள்? நியாயமான கேள்வி. சிலர் அப்படித்தான் வாங்குகிறார்கள். வாங்கிய முதல் மாதத்தில் ஆபத்து மிக உயர்ந்திருக்கிறது. ஆனால் இந்த மரணங்களில் பாதிக்கு மேல் துப்பாக்கி வாங்கி ஓராண்டு கழிந்த பின் நிகழ்ந்தவை. அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் வேறு வழிகளில் தற்கொலை செய்துகொண்ட விகிதம் மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. அவர்கள் இயல்பிலேயே சாவைத் தேடுகிறவர்களாக இருந்தால் அந்த விகிதமும் ஏறியிருக்க வேண்டும். எதற்காகவோ வாங்கி வைத்த ஆயுதம், என்றோ வந்த ஒரு கெட்ட இரவில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்த ஆய்விலிருந்து நான் கற்றது அதுதான்.

அதே குழு 2022இல் இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டது. துப்பாக்கியே வைத்திராமல், வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் பத்திரமாக இருக்கிறார்களா? தற்காப்பு வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் குடும்பத்தைக் காக்கத்தானே துப்பாக்கி. இவர்கள் கொலையுண்ட விகிதம், துப்பாக்கி இல்லாத வீட்டாரைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. வாழ்க்கைத் துணையால் சுடப்பட்டு இறந்த விகிதம் ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வெளியாள் வந்து கொல்வதிலிருந்து அவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைத்ததாகவும் தெரியவில்லை. கதவுக்கு வெளியே நிற்கப் போகிறவனுக்காக வாங்கியது, கதவுக்கு உள்ளே இருப்பவரைக் கொன்றிருக்கிறது.

ஏன் இப்படி? தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அலையாக வந்து போவது. ஹூஸ்டனில் சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்த இளவயதினரிடம் 2001இல் வெளியான ஓர் ஆய்வு விசாரித்தது. முடிவெடுத்ததற்கும் முயன்றதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று கேட்டபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு என்றார். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அதாவது, அந்தக் கெட்ட நேரத்தைக் கடந்துவிட்டால் பெரும்பாலோர் வாழ்கிறார்கள். துப்பாக்கி அந்த வாய்ப்பைத் தருவதில்லை. அதை எடுத்தவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேர் இறந்துவிடுகிறார்கள். மனம் மாற இடமில்லை, ஆம்புலன்ஸ் வர நேரமில்லை, எங்களைப் போன்ற மருத்துவர்களுக்கு வேலையும் இல்லை.

‘ஒரு வழியை அடைத்தால் வேறு வழியில் போவான்’ என்று சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இதற்கு உலகத்துக்கே விடை சொன்ன நாடு இலங்கை. அங்கே ஆயுதம் துப்பாக்கியன்று, பூச்சிமருந்து. 1995 வாக்கில் இலங்கையின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற அளவில், உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. சிங்களக் கிராமம், தமிழ்க் கிராமம் என்ற வேறுபாடில்லாமல், வயலுக்கு வாங்கிய மருந்து வீட்டு மூலையில் இருந்தது. கணவன் மனைவி சண்டை, தேர்வில் தோல்வி, அடுத்தவர் சொன்ன ஒரு சொல், எதற்கும் கை அதன்மேல் போயிற்று. அரசு 1995இலும் 1998இலும், பிறகு 2008 முதல் 2011 வரை படிப்படியாகவும், மிகக் கொடிய நச்சுள்ள மருந்துகளைத் தடை செய்தது. இருபதாண்டில் தற்கொலை விகிதம் 70 சதவீதம் குறைந்தது. 1995 முதல் 2015 வரை 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இதில் என் மாணவர்கள் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. மருந்து குடித்து மருத்துவமனைக்கு வந்தவர்கள் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறையவில்லை. மக்களின் துயரம் அப்படியே இருந்தது. போர் நடந்துகொண்டிருந்தது, வேலையின்மை இருந்தது, குடி இருந்தது. டேவிட் கனலும் மைக்கேல் எடில்ஸ்டனும் அவர்களோடு ஆய்வு செய்தவர்களும் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். இவை எதனாலும் அந்தச் சரிவை விளக்க முடியவில்லை. குடித்த பொருளின் கொடுமை குறைந்தது, அதனால் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் வேறு வழியைத் தேடிக் கூட்டமாகப் போகவில்லை. நெல் விளைச்சலும் வீழவில்லை.

நம் பக்கத்திலும் இதே பாதையில் நடந்தவர்கள் உண்டு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் பூச்சிமருந்தை வீடுகளிலிருந்து அகற்றி, ஊர்ப் பொது இடத்தில் பூட்டுள்ள பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். விவசாயி தேவைப்படும்போது போய் எடுத்துக்கொள்ளலாம். தடையே இல்லை, வீட்டுக்கும் மருந்துக்கும் இடையே கொஞ்சம் தூரம் வைத்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கிராமங்களில் தற்கொலை குறைந்தது.

துப்பாக்கியிலும் இதே பாடம் உறுதிப்பட்டிருக்கிறது. இஸ்ரேல் ராணுவத்தில் இளம் வீரர்கள் வார விடுமுறைக்கு வீடு செல்லும்போது துப்பாக்கியையும் கொண்டு போவது வழக்கமாக இருந்தது. 2006இல் அதை முகாமிலேயே விட்டுச் செல்ல வைத்தார்கள். தற்கொலை 40 சதவீதம் குறைந்தது, குறைந்ததெல்லாம் வார இறுதியில்தான். சுவிட்சர்லாந்தைத் துப்பாக்கி ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். வீட்டுக்கு வீடு ராணுவத் துப்பாக்கி, ஆனாலும் கொலை குறைவு என்பார்கள். உண்மைதான். ஆனால் 2003இல் அந்நாடு தன் ராணுவத்தைப் பாதியாகக் குறைத்தபோது, வீடுகளில் இருந்த துப்பாக்கிகளும் குறைந்தன. ராணுவப் பணிக்குரிய வயது ஆண்களிடையே தற்கொலை இறங்கியது. துப்பாக்கியால் குறைந்த சாவுகளில் நான்கில் ஒரு பங்குகூட வேறு வழிக்கு மாறவில்லை. 2007இல் அந்நாட்டு நாடாளுமன்றம், தோட்டாக்களை வீட்டில் வைக்கும் வழக்கத்தையும் நிறுத்தியது.

இதுவரை சொன்னதெல்லாம் அரசு காவல் தரும் என்று நம்பக்கூடிய மக்களுக்கு. அரசே பகையாக நிற்கும்போது என்ன செய்வது? என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்தக் கேள்விதான். 1964இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஜோன்ஸ்பரோவில், கறுப்பின மக்கள் சிலர் ‘டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ்’ என்ற காவல் அமைப்பைத் தொடங்கினார்கள். வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளான் கொலைகாரர்களிடமிருந்து சிவில் உரிமைத் தொண்டர்களைத் துப்பாக்கியோடு காத்தார்கள். உள்ளூர்க் காவல்துறை கொலைகாரர்களோடு கைகோத்திருந்த ஊர்களில் அவர்கள் உயிர்களைக் காத்தார்கள். இதை மறுக்க எனக்கு மனம் வராது. ஒடுக்கப்பட்டவர் ஆயுதம் ஏந்தியதும் சட்டம் எவ்வளவு விரைவாக மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் கறுப்பின மக்களின் பிளாக் பேந்தர் அமைப்பினர் துப்பாக்கியோடு தெருவில் ரோந்து வந்ததும், குண்டேற்றிய துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதைத் தடுக்கும் மல்ஃபோர்டு சட்டத்தில் 1967இல் கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் ரொனால்டு ரீகன்.

ஆனால் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் நடந்ததையும் பாருங்கள். 1956 ஜனவரி 30 அன்று, இனப் பாகுபாட்டை எதிர்த்த மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது, அவர் வீட்டு முகப்பில் வெடிகுண்டு வீசினார்கள். உள்ளே மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும் இருந்தார்கள். கிங் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். ஆயினும் வீட்டில் ஆயுதம் இருந்தது. காந்திய நெறியில் ஊறிய பேயார்ட் ரஸ்டின் அந்த மாதங்களில் அங்கே வந்து அவரோடு நெடுநேரம் பேசினார். கணவனும் மனைவியும் கலந்து பேசி ஆயுதத்தை வீட்டை விட்டே அகற்றினார்கள். துப்பாக்கி இருந்தபோதுதான் அச்சம் மிகுந்திருந்தது என்று கிங் பின்னர் எழுதினார். அவரைவிடத் தற்காப்புக்கு நியாயமான காரணம் கொண்ட குடும்பத் தலைவர் ஒருவரை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. ஜோன்ஸ்பரோவில் ஊர் கூடி, முறை வைத்து, ஒழுங்கோடு காவல் நின்றார்கள். தலையணைக்கு அருகில் ஒரு கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு தூங்குவது அதுவன்று. முதலாவதற்கான தேவை அரசின் அநீதியால் வருகிறது. அந்த அநீதியை ஒழிக்க வேண்டும் என்பதற்கு அது சான்று. நகரத்து வீடுகள் எல்லாவற்றிலும் துப்பாக்கி வேண்டும் என்பதற்கு அது சான்றாகாது.

அரசியல் துணிவு இருந்தால் என்ன முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைச் சொல்வார்கள். 1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பதவியேற்று இரண்டு மாதங்கூட முடியாத பழமைவாதப் பிரதமர் ஜான் ஹோவர்ட், 12 நாட்களில் எல்லா மாநிலங்களையும் ஒரே உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். தற்காப்பு என்பது துப்பாக்கி வைத்துக்கொள்ளப் போதிய காரணமாகாது என்று வகுத்தார்கள். ஏறத்தாழ 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசு விலைகொடுத்து வாங்கி அழித்தது. துப்பாக்கிச் சாவுகள் அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தன, அதற்குப் பின் இன்னும் விரைவாகக் குறைந்தன. அதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் துப்பாக்கியை ஒப்படைத்த ஆஸ்திரேலிய வீடுகள் அதனால் கொள்ளையருக்கு இரையாகிவிடவில்லை.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்கிறோம், ஏனென்றால் கோபம் ஏறும் காலத்தில் ஆயுதம் கைக்கு எட்டக் கூடாது என்பது நம் நிர்வாகத்துக்கே தெரியும். குடும்பத்துக்குள்ளும் கோபம் ஏறும் காலங்கள் உண்டு, அவற்றைத் தேர்தல் ஆணையம் அறிவிப்பதில்லை. தமிழ்நாட்டில் மறக்க முடியாத துப்பாக்கிச் சூடு 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் நடந்தது. எம்.ஆர்.ராதாவும் எம்.ஜி.ஆரும் ஒரே துறையில் பல்லாண்டு பழகியவர்கள். அவர்கள் சந்தித்த அறையில் துப்பாக்கி இருந்தது. இருவர் உடலிலும் குண்டு பாய்ந்தது, இருவரும் பிழைத்தது நல்லூழ். எம்.ஜி.ஆரின் குரல் பின்னர் பழைய குரலாகத் திரும்பவே இல்லை.

இனி மருத்துவ மாணவர்களுக்கு. 2009இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரு வாரத்துக்குள், ஒருவரோடொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, சில மணி நேரத்துக்குள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்தக் கடைக்காரர் துப்பாக்கி உரிமையில் முழு நம்பிக்கை கொண்டவர். அவரும் மற்ற வணிகர்களும் பொதுநலத் துறையினரோடு உட்கார்ந்து பேசி, மனம் உடைந்த வாடிக்கையாளரை அடையாளம் காண்பது எப்படி, விற்பனையை எப்போது நிறுத்துவது என்று கடைகளுக்கு வழிகாட்டுதல் தயாரித்தார்கள். வீட்டில் ஒருவர் துயரத்தில் இருந்தால் துப்பாக்கியைச் சில காலம் வெளியே வைத்துவிடுங்கள் என்று கடைச் சுவரிலேயே எழுதி ஒட்டினார்கள். பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. அப்படித் துப்பாக்கியைத் தற்காலிகமாக ஒப்படைக்கக்கூடிய கடைகளையும் காவல் நிலையங்களையும் காட்டும் வரைபடத்தைக் கொலராடோ 2019இல் வெளியிட்டது. உரிமையைப் பற்றிய சண்டை முடியும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

நீங்களும் காத்திருக்க வேண்டாம். நாளை உங்கள் முன் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், வாழ்வதில் பொருளில்லை என்று ஒருவர் வந்து உட்காரும்போது, மாத்திரை எழுதுவதற்கு முன் கேளுங்கள்: வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, எங்கே இருக்கிறது? ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ பணிபுரிந்தால் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றியும் கேளுங்கள். காவல்துறைக்குச் சொல்வதற்காகக் கேட்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உடன் வந்திருக்கும் அண்ணனையோ அம்மாவையோ தனியே அழைத்து, இந்த மாதம் முழுவதும் அது வீட்டில் இருக்க வேண்டாம், நம்பிக்கையான வேறு இடத்தில் பூட்டி வையுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது, செய்தார்களா என்று மறுபடியும் கேளுங்கள்.